மீதி மீன்கள்

20 ஜனவரி 2025, திங்கள்

டார்வின் தினப் பேச்சு இந்த வருஷம் எனக்கு இல்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்துவது நான். பேசப்போவது கணிதத் துறை சுபலட்சுமி. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "கொஞ்சம் புதுசா இருக்கட்டும் மேடம்" என்றார் முதல்வர். நான் பழசாகிவிட்டேன் போல. டார்வினுக்கும் கணக்குக்கும் என்ன?

22 ஜனவரி

மால்தஸாம், அந்தப் பொருளாதார அறிஞர். அவளே வந்து சொன்னாள். "ஜனத்தொகை ரெட்டிப்பு ரெட்டிப்பாப் பெருகும், சாப்பாடு அந்த வேகத்துல பெருகாதுன்னு அவர் எழுதினதைப் படிச்சுத்தானே மேடம் டார்வினுக்கு வழி தெரிஞ்சுது? தனியா அதே முடிவுக்கு வந்த வாலஸுக்கும் அதே புத்தகம்தான்."

எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் இரண்டு மார்க் கேள்வியாகக் கொடுக்கிறேன். சிரித்து வைத்தேன்.

29 ஜனவரி

லேப் பின்னாலுள்ள சிமெண்ட் தொட்டி என்னுடையது. கொசுப்புழு தின்னட்டும் என்று கப்பி மீன் விட்டது நான். இன்று அதைச் சுற்றி மாணவிகளை நிறுத்தியிருந்தாள்.

"இத்தனை குட்டி போடுதே, எல்லாம் பிழைச்சா தண்ணிக்கே இடமிருக்காது. ஆனா எப்பவும் ஏறக்குறைய இதே கூட்டம்தான். அப்ப மீதி எங்க?"

மாணவிகள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து நானும்தான். தினம் தீனி போடுகிறவள் நான் — எனக்கு ஏன் தோணல? வயிறு எரியுது.

30 ஜனவரி

"பொறாமையா, அஃப்ஷீன்?" என்று கேட்டார் ஜாவித். கட்டிய கணவர் கேட்கிற கேள்வியா இது? ஆமா, பொறாமைதான்.

7 பிப்ரவரி

காலையிலேயே பாலக்கரை வீட்டிலிருந்து கிளம்பித் தொட்டியருகே உட்கார்ந்தேன். மீன்கொத்தி வந்தது. வால் மினுங்கும் ஆண் மீன்களையே பெரும்பாலும் கொத்துகிறது. மங்கலானவை பாசிக்குள் தப்பிவிடுகின்றன.

எத்தனை மிஞ்சும் என்று அவள் கணக்கு சொல்லும். எது மிஞ்சும் என்று சொல்லுமா? இப்போது வாயைத் திறக்கமாட்டேன். பேச்சு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்பேன். முழிக்கட்டும்.

12 பிப்ரவரி

கேட்டேன். முழிக்கவில்லை.

"அது என் கணக்குல வராதுங்க மேடம். தினம் பாக்குறவங்க நீங்க, சொல்லுங்களேன்" என்று மைக்கை நீட்டினாள்.

மீன்கொத்தியைப் பற்றிச் சொன்னேன். "அப்ப மிஞ்சினதுதானே அடுத்த குட்டிகளைப் போடும்?" என்றாள். ஆமாம், தலைமுறை தலைமுறையாகத் தொட்டியே மங்கல் மீன்களாக மாறிப்போகும் என்றேன். மால்தஸைப் படித்து டார்வின் போய்ச் சேர்ந்த இடத்துக்கு, இயற்கைத் தேர்வுக்கு, கூட்டம் மொத்தமும் வந்துவிட்டது. நல்ல கைதட்டல். அதில் எனக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு?

13 பிப்ரவரி

காலையில் எனக்கு முன்பே ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். என் இடத்தில். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். அதுவும் பிடிக்கவில்லை. உட்கார்ந்தேன்.