ஸ்டெல்லாவின் வருஷப் பூசை

சனிக்கிழமை, இரவு

என் மகள் ஸ்டெல்லா இறந்து நாளையோடு ஒரு வருஷம். அவளுக்காகப் பூசைக்குப் பேர் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். பேரை எழுதிவிட்டுப் பங்குச் சாமியார் கேட்டார்:

"தட்டம்மை ஊசி போடாமத்தான் பிள்ளை போச்சுன்னு பிரசங்கத்துல சொல்லட்டுமாம்மா? பூசை முடிஞ்சதும் ஊசி போட நர்சுமார் வாராங்க."

"சொல்லுங்க சாமி" என்றுவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு ஊசி போட அன்று நர்சு வந்தபோது நான் கதவைப் பூட்டிக்கொண்டது, கடலுக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கே தெரியாது. சொல்ல வேண்டாமென்று சாமியாரிடம் கெஞ்சப் போனை எடுத்தேன்.

பக்கத்து வீட்டு ரோசியின் கைப்பிள்ளை அழுதது. "சாமி சொன்னா ஊசி போடுதேன்க்கா, நர்சு சொன்னா நம்பமாட்டேன்" என்பாள் ரோசி.

போனை வைத்துவிட்டேன். பூசைக்குப் பேர் கொடுத்தவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். எல்லார் கண்ணும் என் முதுகில்தான் இருக்கும்.