அத்தான், அக்காவும் நானும் சாடில் வாங்கிவிட்டோம்

மரத்தில் ஏறிவிட்டால் இருமலைக்கூட விழுங்கிக்கொள்ளும் என் அருமை அத்தானுக்கு,

இதை நான் ஓரிடத்தில் இருந்து எழுதவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தாளை வைத்துவிட்டு, நின்றபடி ஒரு வரி, வாசல்வரை போய் வந்து இன்னொரு வரி என்று எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்வதில்லை. ஹோம்புஷில் ரயில் ஏறினால், இடம் கிடந்தாலும் கதவோரம் நிற்கிறேன். கதிரையை விட்டு எழும்பி எழும்பி நடக்கிறேன் என்று வேலையிடத்தில் மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்டார்.

இந்தத் திறந்த மடலை வாசிக்கிறவர்களில் பலருக்கு உங்களைத் தெரியாது. குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து விடியவே கிளம்பிப் பின்னேரம்வரை பஸ் ஓட்டிய மனிதர் நீங்கள். சனிக்கிழமை வந்தால் என்னையும் ஏற்றிக்கொண்டு கோல்பேர்னுக்கு அப்பால் ஒரு பண்ணைக்குப் போவீர்கள். புல்லை மான்கள் மேய்ந்து தீர்க்கின்றன என்று பண்ணைக்காரக் கிழவர் நமக்கு அனுமதி தந்திருந்தார். வில்லை இருவரும் சேர்ந்துதான் பழகினோம். என் அம்புகள் மரத்தில் குத்தின, உங்கள் அம்புகள் எங்கே போயின என்றே தெரியாது. பஸ் ஓட்டுகிற மனிதருக்கு வில் எதற்கு என்று கோயிலில் ஒருவர் கேட்டபோது சொன்னீர்களே: "கிழமை முழுக்க ஆக்களின்ர சத்தம் அண்ணை. ஒருநாளைக்கு இலையின்ர சத்தம் மட்டும் போதும்."

போன ஏப்ரல். மான் கிடாக்கள் கனைக்கும் பருவம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். இரண்டு பேருக்கும் மரத்தோடு பட்டையால் இறுக்கிக் கட்டிய இரும்பு இருக்கை. விழாமல் இருக்க உடம்பைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை, அதிலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு. பொழுது சாயும் நேரத்தில் கொப்பு முறிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை.

நானும் கிழவரும் ஓடி வந்தபோது நீங்கள் மரத்தடியில் மூச்சில்லாமல் கிடந்தீர்கள். வார்ப்பட்டை உடம்பில்தான் இருந்தது. தொடைப்பட்டைகள் தளர்ந்திருந்தன. மரத்துக் கயிறு மேலே சும்மா தொங்கியது. கொளுக்கி அதில் கொளுவப்படவில்லை.

ஏன் அத்தான்? இறங்கத்தான் கழற்றினீர்களா? அந்தப் பட்டை தொடையை அறுக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்சம் எழும்பி நின்று, தளர்த்தி, காலை உதறிவிட்டு மறுபடி மாட்டலாம் என்று நினைத்தீர்களா? விசாரித்த பொலிஸுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். உங்கள் மகள் காவியா மெல்பேர்ணில் வேலை கிடைத்துப் போய்விட்டாள், வீட்டில் அக்கா தனி. துணைக்கு என்று சொல்லித்தான் போனேன். போய்ச் சும்மா இருப்பதில்லை. வேலியைச் சரிபார்ப்பேன், குழாயைக் கழற்றுவேன், கராஜில் உள்ள சாமான்களை இடமிருந்து வலத்துக்கு மாற்றி அடுத்த கிழமை திரும்ப மாற்றுவேன். ஒருநாள் குசினிக் கதவைக் கழற்றிக்கொண்டு நின்றபோது அக்கா வேலையால் வந்தாள்.

"சுதன், அந்தக் கதவு நல்லாத்தானே இருந்தது?"

"கிறீச்செண்டு சத்தம் போட்டது அக்கா."

"எனக்கொண்டும் கேக்கேல்லை." கைப்பையை வைத்துவிட்டுக் கதவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ காட்டுக்குப் போகாமல் என்ர வீட்டைக் கழட்டிக் கொண்டிருக்கிறாய். திரும்பப் போ."

"அந்த மரத்துக்கோ?"

"வேற மரத்துக்கு. வேற இருக்கையில. அந்த இரும்பை இனிக் கண்ணில காட்டாதை."

இப்படித்தான் சாடில் கதை தொடங்கியது. குதிரைச் சேணம் இல்லை. இடுப்பையும் தொடையையும் பின்னாலிருந்து ஏந்துகிற அகலமான துணிப்பட்டை. இரண்டு இடுப்போரத்தையும் இணைத்து முன்னால் ஒரு சின்னக் கயிறு, அதிலிருந்து மரத்துக்கு ஒரு பெரிய கயிறு. காலுக்குக் கீழே புத்தகம் அளவு மிதி. மரத்தைப் பார்த்தபடி, பாதி இருந்து பாதி சாய்ந்து தொங்க வேண்டும். உடம்பின் பாரம் எப்போதும் கயிற்றில்தான் இருக்கும். நீங்கள் ஒருமுறை இதன் படத்தைக் காட்டி, "ஊஞ்சலில இருந்து வேட்டையாடுறாங்கள்" என்று சிரித்தீர்கள்.

முதலில் இணையத்தில் ஒன்றை வாங்கினேன். பாரமே இல்லை, சுருட்டினால் பைக்குள் அடங்கியது. அக்காவின் பின்வளவுத் தாழ்வாரத்துக் கூரை விட்டத்தில் கட்டித் தொங்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே இரண்டு இடுப்பெலும்பையும் யாரோ குறட்டால் பிடித்தது போல இருந்தது. நெளிந்தேன், பட்டையைத் தளர்த்தக் கையைக் கொண்டு போனேன். அந்த இடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்களும் இப்படித்தான் கையைக் கொண்டு போனீர்களோ?

அக்கா வந்து என்னைச் சுற்றி நடந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள் என்பதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நடக்க முடியாதவர்களைத் துணித்தொட்டிலில் வைத்து, பொறியால் தூக்கிக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவது அவளுடைய அன்றாட வேலை. பட்டையைப் புரட்டித் தையலைப் பார்த்தாள், எவ்வளவு பாரம் தாங்கும் என்ற துண்டைத் தேடினாள். துண்டே இல்லை.

"உதுக்குள்ள எங்கட இல்லத்துச் சனத்தை வைச்சுத் தூக்கினால் எனக்கு அண்டைக்கே வேலை போயிடும். இறங்கு."

அடுத்த சனிக்கிழமை பென்ரித் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். நடுவில் ஒரு மரத்தூணை நாட்டி, அதில் தொங்கிப் பார்க்கவும் விட்டார்கள். அக்கா வேலை உடுப்போடேயே வந்திருந்தாள். முன்கயிறு தேய்ந்தால் எப்படித் தெரியும், கயிற்றை மட்டும் மாற்றலாமா, தலைகீழாகப் போனால் தொடைப்பட்டை பிடிக்குமா என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டே போனாள். அவர் பொறுமையாகக் காட்டினார். அவரும் ஒன்று சொன்னார்: ஆட்களை விழுத்துவது பெரும்பாலும் அறுந்த பட்டை இல்லை, நோகிற பட்டைதான். நொந்தால் மனிதன் ஆடுவான், தளர்த்துவான், கழற்றுவான்.

நான் அவளுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனாலும் அவள் என் பக்கம் திரும்பி, அவர் சொன்னதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அவள் கேட்டது கடையிலேயே தடித்த மெத்தை வைத்தது. எனக்கு அது பொருந்தவில்லை. மெத்தை முதுகில் உருண்டு ஏறியது, அசைந்தால் சரசரத்தது, வில்லை இழுக்க இடுப்பைத் திருப்பினால் மறித்தது. "சொகுசு எண்டு நீ சொல்லுறது மெத்தையைத்தான் அக்கா," என்றேன். அவளுக்குக் கோபம். கடைக்காரர் வேறொன்றை எடுத்து வந்தார். இரண்டு துண்டுப் பட்டை. ஒன்று இடுப்புக்குக் கீழே, மற்றது தொடைக்கு. தொங்கிக்கொண்டே ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் நகர்த்தலாம், நோவு ஒரே இடத்தில் தங்காது. இடுப்போரக் கயிற்றை நீட்டினால் எலும்பை நெரிக்கவும் இல்லை.

"நான் இருந்து பாக்கட்டோ?" என்றாள் அக்கா.

கடைக்காரர் பட்டைகளை அவள் அளவுக்கு இறுக்கிவிட்டார். அவள் தூணில் கால்களை ஊன்றி, மெல்லப் பின்னால் சாய்ந்தாள். பாரம் கயிற்றுக்குப் போனது. மேல் பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினாள், கீழ்ப் பட்டையை நகர்த்தினாள், இரு கையையும் விட்டாள். நான் பக்கத்தில் நிற்க முடியாமல் அம்புகள் அடுக்கியிருந்த பக்கம் போய்த் திரும்பி வந்தேன். அவள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"இது அவருக்குத் தொடையை அறுத்திராது," என்றாள்.

அதைத்தான் வாங்கினோம்.

பிறகு பல கிழமை அவளுடைய பின்வளவு மரத்தில், நிலத்துக்கு ஒரு முழம் மேலே பழகினேன். மரத்துக் கயிறு நெற்றிக்குக் கீழே இறங்கக் கூடாது, தொய்யக் கூடாது. ஏறும்போது மரத்தைச் சுற்றி இன்னொரு கயிறு, மேலே போய் மரத்துக் கயிற்றைக் கொளுவிய பிறகுதான் அதை எடுக்கலாம். அக்கா ஒவ்வொரு முறையும் தொடைப்பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள், இல்லத்தில் செய்வது போல.

இந்த ஏப்ரலில் போனோம் அத்தான். அக்காவும் வந்தாள். நல்ல பச்சை மரமாக, காய்ந்த கொப்பு இல்லாததாக, சொரசொரத்த பட்டை உள்ளதாகப் பார்த்தேன். மரத்தடியில் அவள் பட்டைகளைச் சோதித்துவிட்டு, "போயிட்டு வாறன்," என்று கிழவரின் வீட்டுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே எனக்கு அமைதி கிடைத்தது என்று சொன்னால் பொய். கொளுக்கியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டேன். இடுப்பு நோகவில்லை, முழங்கால் நோகவில்லை, மனம்தான் நெளிந்தது. வெயில் சாய்ந்தபோது ஒரு கிடா கனைத்தது. வலப்பக்கம், எனக்குப் பின்னால். வில்லோடு சுற்றித் திரும்பினேன். மிதியின் விளிம்பில் கால் வழுக்கிவிட்டது.

விழுந்தேன். விழுந்து முடியும் முன்பே கயிறு பிடித்துவிட்டது. தோள் மரத்தில் உரசி எரிந்தது, வில் கையில் தொங்கியது, கிடா பாய்ந்து மறைந்தது. சாடில் என்னை ஏந்திக்கொண்டு ஆடியது. கால் மிதியைத் தேடிப் பிடிக்கும்வரை ஒன்றும் நினைக்கவில்லை. பிடித்த பிறகு வாய்விட்டு அழுதேன். மரத்தில் சத்தம் போட்டதற்கு மன்னியுங்கள்.

அக்கா கிழவரின் வண்டியில் வந்து இறங்கினாள். தோளில் இரத்தத்தைக் கண்டாள். மறைக்க நினைத்தேன், முடியவில்லை.

"கால் வழுக்கிட்டுது அக்கா. கயிறு பிடிச்சுக்கொண்டுது."

"எவ்வளவு விழுந்தனீ?"

"ஒரு சாண் இருக்கும்."

அவள் தன் வலக்கையை எடுத்து, பெருவிரலையும் சுண்டுவிரலையும் அகட்டிப் பிடித்தாள். அந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்றாள். கிழவர் வண்டியின் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பிறகு அவள் விரல்களை மடக்கிக் கையை மூடிக்கொண்டாள்.

"வா, காயத்தைக் கழுவுவம்," என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள்தான் கார் ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்சத் தூரம் அசையாமல் இருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்போது மறுபடி நடக்கிறேன். இது எப்போது நிற்கும் என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தான். மண்ணில் நிற்கும்போதே கொளுவுவேன், மண்ணில் வந்து நின்ற பிறகே கழற்றுவேன். நொந்தால் இறங்கி வருவேன். எந்த மானுக்காகவும், எந்த நோவுக்காகவும் அக்காவுக்கு இன்னொரு மரத்தடிச் செய்தி வர விடமாட்டேன்.

அக்காவை உங்களுக்குத் தந்த வீட்டின் கடைக்குட்டி,
உங்கள் மச்சான்
சுதன்