மூன்றடிக்கு இடம்

வெள்ளி, 14.11.1986
சோலோதுர்ன், சுவிஸ்

இன்று அறைத் தோழன் செல்வத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கேயே இருக்கும் என் கம்பஸ் நண்பன் மகேஸ் எனக்கு இன்னும் எழுதவில்லை. ஓகஸ்டில் அவனுக்கு ஓர் ஈற்றடி அனுப்பியிருந்தேன்.

கம்பஸில் நானும் அவனும் சேர்ந்து படியெடுத்த, நூறு வருடத்துக்கு முந்திய கொப்பியில் கற்ற விளையாட்டு அது. அதை எழுதியவர்கள் கல்லூரி விடுதி மாணவர் இருவர். ஒருவன் வெண்பாவின் ஈற்றடியை மட்டும் எழுதிக் கொடுப்பான். மற்றவன் மேலே மூன்றடியைப் பாடி முடிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஈற்றடி மட்டும் தனியே கிடந்தது.

"மற்றப் பொடியனுக்குப் பஞ்சி வந்திட்டுது, சோம்பேறி" என்று அன்று மகேஸ் சிரித்தான்.

"நீங்களே எழுதி முடியுங்கோவன், அண்ணை" என்கிறான் செல்வம். தன் ஈற்றடிக்குத் தானே பாடுவது வழக்கமில்லை. ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவும்போது மூன்றடியும் தானாகவே வந்தன. எழுதாமல் விட்டேன்.

அந்தப் பொடியனுக்கு வெறும் பஞ்சிதான் வந்திருக்க வேண்டும். மகேசுக்கும் அதுவாகவே இருக்கட்டும்.