பேப்பரில் வந்த கூடை

செவ்வாய், இரவு.

இன்று ஹாலிஎலயில் கடைக்கார நானா பேப்பரை என் முன்னால் விரித்தார். "என்னம்மா, இடுப்பு முறிஞ்சிருச்சுன்னு தோட்டத்து மேல கேஸ் போட்டுட்டு, கூடைய மாட்டிக்கிட்டு சிரிக்கிறீங்களே?" கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

படத்தில் நான்தான். மேலே கொட்டை எழுத்தில், 'நட்டஈடு கேட்கும் கொழுந்துக்காரி'. தேயிலைத் தோட்டம் எங்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டுச் சுவர் இடிந்து என் மேல் விழுந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை.

போன வாரம் வந்த நிருபரின் வேலை இது. "கூடை இல்லாம எடுத்தா, ஒங்கள கொழுந்து எடுக்கிறவங்கன்னு யாரு அக்கா நம்புவாங்க?" என்றான். சுவர் விழுந்த நாளிலிருந்து கொழுந்தெடுக்க மலைக்கே போகவில்லை என்று சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. வீடு தேடி வந்தவனிடம் எப்படி மறுப்பது என்று நானும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினேன். வெறுங்கூடைதான். அந்தப் பாரத்தையும் தாங்கமாட்டேன் என்று நாத்தனார் மாலா பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள். படத்தில் அவளை வெட்டிவிட்டான்.

கோர்ட்டில் அடுத்த தவணைக்குத் தோட்டத்து லோயர் இந்தப் படத்தோடுதான் வருவார். வரட்டும். படத்தில், கூடையைத் தாங்கிப் பிடித்த மாலாவின் இரண்டு விரல்கள் விளிம்பில் அப்படியே இருக்கின்றன. வெட்டுகிற வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத பயல்.