மூன்றாவது கோப்பையின் வாசனை

எப்பர்னே,
செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

அன்பு மகள் மயேலுக்கு,

மாண்ட்ரியல் குளிரில் நீ கதகதப்பாகவும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆயுள் முழுக்கக் கணக்குப் பாடம் நடத்தியவன் நான், வரிசை இல்லாமல் எழுதினால் எழுதியது எனக்கே விளங்காது, அதிலும் பயந்திருக்கும்போது. அதனால் முதலில் வரிசை:

1. பயணமும் வீட்டுச் செய்திகளும்.
2. நேற்று ஒரு நிலவறையில் நடந்த ஷாம்பேன் ருசிப்பு.
3. உன் அம்மாவுக்கு வாசனை தெரிவதில்லை என்பது.
4. அது அவளுக்கே இன்னும் தெரியாது என்பது.
5. நீ செய்ய வேண்டியது.

மூன்றாவதைப் பார்த்ததும் போனை எடுத்துவிடாதே. தயவுசெய்து ஐந்துவரை பொறுமையாகப் படி. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

லிமோஜிலிருந்து பாரிஸ் வந்து ரயில் மாறி ஞாயிற்றுக்கிழமை இங்கே சேர்ந்தோம். என் முழங்கால் படிக்கட்டுகளில் மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது. பூனையைப் பக்கத்து வீட்டு மதாம் கந்தார் பார்த்துக்கொள்கிறார், அது சாப்பிடுகிறதாம், ஆனால் அவரை மதிப்பதில்லையாம். உன் பழைய அறையின் ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. இந்தப் பயணத்தை உன் அம்மாதான் கேட்டாள். கடலோரம் போகலாமே என்றேன், கடலில் உப்புக் காற்றைத் தவிர என்ன இருக்கிறது, ஷாம்பேன் ஊருக்குத்தான் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். வாயைத் திறந்து எதையும் கேட்காதவள் கேட்கிறாளே என்று அப்போதே எனக்குச் சற்றுக் கலக்கம்தான், ஆனால் எனக்கு எதில்தான் கலக்கம் இல்லை.

நேற்று போன இடம் ஊருக்கு வெளியே ஒரு சிறிய திராட்சைத் தோட்டக்காரக் குடும்பத்தினுடையது. நடத்துபவள் பெரின் வோத்ரலோ என்ற பெண், நாற்பது வயதிருக்கும், சேற்றுக் காலணியோடு வந்து கைகொடுத்தாள், கொடிகள் மொட்டு விட்டிருக்கின்றன, இந்த வாரம் உறைபனி விழுந்தால் இந்த வருஷமே போச்சு என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே எங்களைக் கீழே அழைத்துப் போனாள். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறை. படிகள் ஈரம், வெளிச்சம் குறைவு, இருபுறமும் படுக்க வைத்த பாட்டில்கள். எப்போதாவது ஒன்று தானாக வெடிக்கும், பயப்படாதீங்க என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பயப்படாதே என்று சொன்ன பிறகு பயப்படாமல் இருக்க எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அன்செல்ம், பாட்டில் உன்னைப் பாத்துதான் நடுங்குது, நீ முதல்ல நடுங்கறதை நிறுத்து" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எங்களோடு வந்தவர்கள் ஒரு இளம் பெல்ஜியத் தம்பதி, லில் நகரத்து ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், டெல்காம்ப்ர் என்று பெயர், பேச்சை நிறுத்தத் தெரியாத மனிதர். வாழ்நாளெல்லாம் பிறர் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு தான் மட்டும் பேசிப் பழகியவர் என்று உன் அம்மா என் காதில் சொன்னாள்.

ருசிப்புக்கு அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் முகர வேண்டும், யாரும் பேசக் கூடாது, பிறகு மேசையின் ஒரு முனையிலிருந்து ஆளுக்கொரு வார்த்தையாகத் தனக்கு என்ன வாசனை வருகிறது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும், அதன் பிறகுதான் குடிப்பது. உன் அம்மா நேராகக் கடைசி நாற்காலிக்குப் போனாள். நான் அவளுக்கு முந்தியவன். முதல் கோப்பைக்கு பெல்ஜியப் பெண் பச்சை ஆப்பிள் என்றாள், டாக்டர் எலுமிச்சைத் தோல் என்றார், நானும் ஆப்பிள் என்று முனகினேன், உன் அம்மா, ஆப்பிள்தான், ஆனால் தோல் சீவாதது என்று முடித்தாள். பெரின் புருவத்தை உயர்த்தி மெச்சினாள். இரண்டாவது கோப்பையிலும் அப்படியே, பிறர் சொன்ன பழத்தை வாங்கி அதற்கு ஒரு இலையோ விதையோ சேர்த்துக் கொடுத்தாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மயேல், உனக்குத் தெரியாததா, உன் அம்மா யாருடைய வார்த்தையையும் கடன் வாங்கியவள் இல்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உன் முதல் சிகரெட்டைக் கண்டுபிடித்தவள். ஈஸ்டர் விருந்தில் நான் பாட்டிலைத் திறந்து ஊற்றும்போதே மேசையின் மறுகோடியிலிருந்து, அதைக் கொட்டிட்டு வேற திற, கார்க் கெட்டுப் போயிருக்கு என்பவள்.

மூன்றாவது கோப்பை வந்தபோது பெரின், "இந்தத் தடவை வால் பக்கத்துலேர்ந்து வருவோம், மதாம், நீங்க ஆரம்பிங்க" என்றாள். உன் அம்மா முகர்ந்தாள். என் பக்கம் திரும்பினாள். நிலவறைக் குளிரில் மூச்சுப் பட்டு என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, நான் குனிந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கோப்பையை இன்னும் தொடவில்லை. அவள், "வெண்ணெய் ரொட்டி, வறுத்த பாதாம், கடைசியில கொஞ்சம் தேன்" என்றாள். அந்த மூன்றும் நாங்கள் நுழைந்த வாசலில் தொங்கிய விளம்பர அட்டையில் அதே வரிசையில் எழுதியிருந்தவை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பையைத் தூக்கினேன். நனைந்த அட்டைப்பெட்டி, வாளியில் கிடந்து நாறிய தரைத்துணி. குழந்தைக்குக்கூடத் தெரியும். பெரின் தன் அப்பா காலத்திலிருந்து செய்து வரும் விளையாட்டாம் அது, கார்க் கெட்டு ஒயினில் நாற்றம் ஏறிய பாட்டில் ஒன்று கிடைத்தால் கொட்டாமல் எடுத்து வைத்து நடுவில் ஊற்றிவிடுவது. "ஒயின்ல குத்தம் கண்டுபிடிக்க நம்ம ஆளுங்களுக்குச் சொல்லியா தரணும், ஆனா செஞ்சவ எதிர்ல நின்னா எல்லாரும் தேன், பாதாம்னு நல்ல பிள்ளைங்களா ஆயிடுவாங்க, அதைப் பாக்கத்தான்" என்று பிறகு சொன்னாள். அதற்குள் பல் டாக்டர் மேசையில் தட்டிச் சிரித்துவிட்டார். "மதாம், உங்க மூக்கு மட்டும் லீவு போட்டுட்டு வேற ஊருக்குப் போயிருக்கு போல!"

உன் அம்மாவின் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். அடுத்தது என் முறை. எனக்கும் பாதாம்தான் வருகிறது, நன்றாக வறுத்த பாதாம், என்று சொன்னேன். வகுப்பறைக்கு வெளியே நான் அத்தனை பேர் நடுவில் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், குரல் என்னுடையதாகவே இல்லை. டாக்டர் விடவில்லை, "ரெண்டு பேரும் ஒரே மூக்கை மாத்தி மாத்திப் போட்டுக்கறீங்களா முசியே?" என்றார். பெல்ஜியப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். பெரின்தான் நல்லவள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோப்பைகளைச் சட்டென்று வாங்கிக் கொட்டி, விளையாட்டு போதும், குத்தம் என் பாட்டில் மேலதான், இப்ப நல்லது ஒண்ணு குடிப்போம் என்று பேச்சை மாற்றினாள். மீதி என்ன குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

இப்போது மூன்றாவது. நேற்றுமட்டும் என்றால் களைப்பு என்று விட்டிருப்பேன். குளிர்காலத்தில் ஒரு நாள் பால் அடுப்பில் தீய்ந்து புகைந்தபோது அவள் பக்கத்திலேயே நின்று குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள், நான் மாடியிலிருந்து இறங்கி வந்து அணைத்தேன். மதாம் கந்தார் வந்தால் தும்முகிறார், அம்மா பூசும் சென்ட் அவ்வளவு அதிகம். இவற்றை எல்லாம் தனித்தனியாகத்தான் பார்த்திருந்தேன், நேற்று நிலவறையில் அவை தாமாக ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. உன் தாத்தாவுக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, எல்லாம் எப்படித் தொடங்கியது என்பது உனக்குச் சொல்லியிருக்கிறோமோ இல்லையோ. சூப்பில் வாசனையே இல்லை என்று கோபித்துக்கொண்டார், சமையலைக் குறை சொல்கிறார் என்று எல்லோரும் அவரைத்தான் திட்டினோம். சில வருஷம் கழித்துக் கை நடுங்கத் தொடங்கியது, பார்க்கின்சன் என்றார்கள், வாசனை போனதே அதன் முதல் அறிகுறி என்றார்கள், அந்தச் சூப்பை உன் அம்மா கரண்டியால் ஊட்ட வேண்டி வந்தது. வயதானவர்களுக்கு மூக்கு மங்குவது சாதாரணம் என்று நானும் படித்திருக்கிறேன், சளியால்கூடப் போகும் என்றும் படித்திருக்கிறேன். படித்தது எதுவும் இன்று காலை காபி ஊற்றிய அவள் கையையே நான் உற்றுப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. நடுங்கவில்லை. நடுங்கியது என்னுடையது.

நான்காவது. அவளுக்குத் தெரியாது. விடுதிக்குத் திரும்பும் வழியில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், இரவுச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நானும் பாதாம் என்று சொன்னதால் மற்றவர்கள்தான் தவறு என்று சமாதானம் ஆகிவிட்டாள் என்றே எடுத்துக்கொள்கிறேன். என் பொய் அந்த அளவுக்காவது உதவியதே என்று சிறிது ஆறுதல். தெரியாமல் இருக்கும்வரை அவள் நிம்மதி கெடாது. அதை உடைப்பவன் நானாக இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஐந்தாவது, உன்னிடம் கேட்பது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் செய், குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளாதே. கோடையில் வருகிறேன் என்று சொல். வந்ததும் உனக்குக் காது அடைத்திருக்கிறது என்றோ வேறு எதையோ சொல்லி, துணைக்கு என்று அவளை மூக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நீ சொன்னால் வருவாள். இந்தத் திட்டம் அசட்டுத்தனமாக இருக்கிறது என்று எழுதும்போதே தோன்றுகிறது, இதைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை. லீவு கிடைக்காவிட்டால் உடனே எழுது. அதுவரை நீ உன்னைப் பார்த்துக்கொள். படிக்கட்டில் பனி உறைந்திருந்தால் கைப்பிடியை விடாதே. சமையலறைப் புகைமணியில் பேட்டரி இருக்கிறதா என்று இன்றே பார், இதை மட்டும் தள்ளிப்போடாதே.

இதுவரை எழுதியபோது உன் அம்மா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். மயேலுக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தாள், நான் கையை மடித்துத் தாளை மறைத்தேன். "காப்பி அடிக்கறவனைப் பிடிச்சுப் பிடிச்சே உனக்கும் அந்தப் பழக்கம் வந்துடுச்சு" என்று சிரித்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள். சிரிப்பில்லை. நேற்று நீ எதுக்குப் பாதாம்னு சொன்னே என்றாள். எனக்கு அப்படித்தான் வந்தது என்றேன். "பொய். நீ கோப்பையைத் தூக்கினதும் உன் மூக்கு சுருங்குச்சு. நான் பாத்தேன்" என்றாள். பேனாவை மூடி வைத்தேன். அவளே பேசினாள், நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சுருக்க எனக்குத் தெரியவில்லை.

"போன இலையுதிர் காலத்துலேர்ந்தே எனக்கு ஒண்ணும் வரலை, அன்செல்ம். பால் கெட்டிருக்கான்னு உன் முன்னாடி வெச்சுட்டு உன் முகத்தைத்தான் பாப்பேன். மீனையும் அப்படித்தான், சீஸையும் அப்படித்தான். உனக்கு எதையும் மறைக்கத் தெரியாதே, பிடிக்கலைன்னா மூஞ்சியில எழுதி ஒட்டின மாதிரி இருக்கும். இத்தனை நாளா உன் மூஞ்சிதான் என் மூக்கு. நேத்து மூணாவது கோப்பைக்கும் உன்னைத்தான் தேடினேன், நீ கண்ணாடி துடைச்சுக்கிட்டிருந்தே. சரி, போகட்டும், ஒரு தடவை மானம் போச்சு. ஆனா அதுக்கப்புறம் நீயும் பாதாம்னு சொன்னே பாரு, அப்பதான் எனக்குப் பயமே வந்துச்சு. நீயும் பொய் சொல்ல ஆரம்பிச்சா நான் இனிமே யார் முகத்தைப் பாக்கறது?"

இந்த ஊருக்கு வந்ததே அதற்காகத்தானாம். இத்தனை வாசனை குவிந்து கிடக்கிற இடத்திலும் ஒன்றும் வரவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுவது என்று கிளம்புமுன்பே முடிவு செய்து, நாளும் வாங்கி வைத்திருக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை. தன் அப்பாவை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கிறாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் நீ பயந்துவிடுவாய், பயந்த முகத்தில் பாலும் தெரியாது மீனும் தெரியாது என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், யாருடைய கை நடுங்கியது என்று இந்தத் தடவை என்னால் சொல்ல முடியவில்லை. இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பயம் போகவில்லை, மகளே. வியாழக்கிழமை அவளோடு உள்ளே போவேன், வெளியே காத்திருக்க மாட்டேன்.

காதடைப்பு நாடகம் எதுவும் வேண்டாம். முடிந்தால் சும்மா வா. நீ நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும் இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். புகைமணியை மறக்காதே. நான்காவதாக எழுதியது தவறு. அதை அடித்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன், "வேண்டாம், அப்படியே போகட்டும், நீ என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன்னு மயேலும் தெரிஞ்சுக்கட்டும்" என்கிறாள் உன் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா,
அன்செல்ம்