உன் படத்தில் நான் செத்துப்போன சனிக்கிழமை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே அம்மா சுகம், நானும் சுகம். இந்தத் தடவை நான் சுகம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சனிக்கிழமையிலிருந்து பாதிப் பேர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அம்மா ஏன் போனை எடுக்கவில்லை என்று எனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போடுகிறாய். போனுக்கு ஒரு குறையும் இல்லை, அவளுக்குத்தான் உன்மேல் கோபம். நீ கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறாள், மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடிக்கிறாள். நான் போனில் சொன்னால் நீ ஏதாவது சமாதானம் சொல்லி நழுவிவிடுவாய், அதனால்தான் கடையில் கண்ணாடி வெட்டுகிற மேஜையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கோபத்தைத் தீர்க்க என்னால் ஆகாது, உன்னால்தான் ஆகும், அதனால் கடைசிவரை படி.

மியூசியத்தில் உன் படம் போடுகிற அன்றைக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, எங்களைப் போய் உட்காரச் சொன்னாய், போனோம். அம்மா பீரோவின் அடியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தாள். மியூசியத்துக்கு எதற்கு என்றேன், என் பொண்ணு படம் ஓடுது, நான் என்ன நைட்டியிலயா போவேன் என்றாள். சித்தியும் கிளம்பிவிட்டாள், அவளை வேண்டாம் என்று யார் சொல்வது. வாசலிலேயே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது, அதைத் தாண்டி, உடைந்த பானைகளை எல்லாம் தாண்டி, உள்ளே ஒரு ஹால். காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையாகப் படம். இந்தியாவில் கம்பெனி தயவு இல்லாமல் தாங்களே எடுத்தவர்கள் படம் பாதி, உன்னைப் போல வெளிநாடு போய் உட்கார்ந்துகொண்டு எடுத்தவர்கள் படம் பாதி. முதல் படத்தில் ஒருவன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான். பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. அந்தப் பையனுக்கு எந்த நம்பர் வேணும்னு யாராவது கேளுங்களேன் என்று சித்தி வாய்விட்டே சொல்லிவிட்டாள், முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அடுத்ததில் ஒரு பெண் பிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தனிமை என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். கதவை மூடாட்டி பால் திரிஞ்சிடும் என்று உன் அம்மா சொன்னாள். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், பொய் சொல்வானேன்.

உன் படம் வந்ததும் அம்மா என் தொடையில் கிள்ளினாள், இன்னும் கன்றியிருக்கிறது. எடுத்தவுடன் நம் வீட்டுப் பச்சைக் கதவு, அதே மாதிரி பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாய், கெட்டிக்காரி. பெட்டியோடு ஒரு பெண் வருகிறாள், கதவு திறக்கிறது, உள்ளே சுவர், சுவரில் நான். கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு. நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்கப்பா என்று போன வருஷம் நீ கேட்டபோது பர்ஸில் வைத்துக்கொள்ள என்று நினைத்து நாலு பேரிடம் பெருமையடித்தவன் நான். அதுவும் கல்யாணப் பந்தியில் எடுத்த போட்டோ, வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கிறேன், செத்த பிறகும் மென்றுகொண்டேதான் இருக்கிறேன். சரி, கொன்றாய், போகட்டும். ஆனால் ஃபிரேம் கடைக்காரன் பெண்ணாகப் பிறந்துவிட்டு அது என்ன ஃபிரேம்? மூலை சேரவே இல்லை, ஒரு விரல் உள்ளே போகும். என் ஜென்மத்தில் அப்படி ஒன்றை வெளியே கொடுத்ததில்லை, கடைசியில் எனக்கே அதைப் போட்டுவிட்டாய். பக்கத்தில் சித்தி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள், மாமா மாமா என்று என் கையையே பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

படம் முடிந்து அப்பாவுக்கு என்று ஒரே ஒரு வார்த்தை போட்டாயே, அதுதான் வினை. நிகழ்ச்சி நடத்துகிற பெண் மேடை ஏறி, இயக்குநரின் தாயார் வந்திருக்கிறார், மறைந்த அவருடைய கணவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றது. ஹால் மொத்தமும் எழுந்தது. எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று நானும் எழுந்தேன். தலையைக் குனிந்து பாதி நேரம் நின்ற பிறகுதான் யாருக்காக நிற்கிறேன் என்று உறைத்தது. அதற்குள் அம்மாவை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவள் நிதானமாக, அவரு அதோ மூணாவது வரிசையில நிக்கறாருங்க, நீலச் சட்டை என்றாள். அவ்வளவு பேரும் திரும்பினார்கள். கும்பிட்டேன், வேறு என்ன செய்ய. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். தாடி வைத்த ஒரு பேராசிரியர் எழுந்து, உங்களை நீங்களே சுவரில் பார்த்தபோது என்ன தோன்றியது என்று கேட்டார். மூலை சேரலைங்க என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆகா என்றார், அது நம் குடும்பத்தைப் பற்றிய ஆழமான கருத்தாம். நான் ஃபிரேமுக்கு ஆணி அடித்ததைச் சொன்னேன் என்று எவ்வளவோ விளக்கியும் அந்த மனிதர் ஏற்றுக்கொள்ளவில்லை.

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம், ஆனால் உட்கார்ந்ததும் உன் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னைக் கொன்றதற்குத்தான் கோபம் என்று நினைத்து, கதைதானே, விடு என்றேன். அது கதைன்னு எனக்குத் தெரியாதா, நான் என்ன மக்கா என்று சீறினாள். அப்புறம் ராத்திரி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள். அந்தப் படத்துல அந்தப் பொண்ணு வந்து நிக்கறா, அம்மாக்காரி சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கறா, வேற ஒண்ணும் கேக்க முடியல. அப்புறம் அவ தூங்கின பிறகு பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா, எப்போ திரும்பக் கட்டுவாளோன்னு. நான் அதை ஒருநாளும் யார்கிட்டயும் சொன்னதில்லையே, நாலு வருஷம் முன்னாடி அவ வந்தப்போ நான் அப்படிப் பாத்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சிருக்கு இவளுக்கு, தெரிஞ்சும் வரல. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். தட்டு இரண்டையும் நான்தான் எடுத்து வைத்தேன்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, பாப்பா. வேலை, விசா, படம், உன் கஷ்டம் உனக்கு. ஆனால் கடையில் நான் ஒன்று பார்த்திருக்கிறேன். தவறிப்போனவர்களின் போட்டோவைக் கொண்டு வருகிறவர்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் சுவருக்குத் தக்கபடி ஏதோ ஒரு சைஸ் சொல்லிவிட்டுப் போவார்கள். தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள்தான் இருப்பதிலேயே பெரிசாக வேண்டும் என்பார்கள், இன்னும் பெரிசு இல்லையா என்பார்கள். அவர்களிடம் நான் பேரம் பேசுவதில்லை. நீ அந்த மாதிரி ஒரு கடையில் போய் நிற்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

மற்றபடி படம் நன்றாக இருந்தது, சத்தியமாக. அந்த அம்மா கதவைத் திறக்கிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது, நான் செத்ததற்காக இல்லை. மியூசியத்தில் அடுத்த மாதம் மறுபடி போடப்போகிறார்களாம். நேரத்துக்குச் சாப்பிடு, காதைக் குளிரில் காட்டாதே, ராத்திரி போனை நோண்டாமல் தூங்கு. நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயிக்க அப்பாவின் ஆசீர்வாதம், அம்மாவுடையதும் உண்டு, கேட்டால் இல்லை என்பாள். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. படத்தில் நீ வீட்டுக்கு வர ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதற்கு என்னைக் கொன்றாய், கதைக்கு அது சரி. நிஜத்தில் யாரும் சாக வேண்டியதில்லை. சும்மா வா.

இப்படிக்கு,
உன் அப்பா