பதினான்காம் பக்கத்து கோல்கீப்பர்

அன்புள்ள கேப்டனுக்கு,

உன் பழைய கோல்கீப்பர் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தாலே முனகுகிறது. உன் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். நிம்மதி. உப்பைக் குறைக்கச் சொல், கேட்கிற ஆளா தெரியவில்லை.

சங்கத்தின் புத்தகம் வந்துவிட்டது. பெண்கள் கிளப் ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப்பின் நாற்பது வருட வரலாறு. வழவழ தாள், செங்கல் கனம். முதல் வருடம் ஆறே அணிகள், காலி குடோனில் சிமெண்டுத் தரையில் ஆடினார்கள் என்று எழுதியிருக்கிறது. அது நிஜம். முதல் மூன்று வருடம் நம் பிஸ்கட் கம்பெனிதான் சாம்பியன் என்று இருக்கிறது. நாலாம் வருடம் பேங்க் அணி வந்து, ஆடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்து இழுத்துக்கொண்டதும், அதில் நீ போனதும் இருக்கிறது. அப்புறம் மரத்தரை, டி.வி., வெளிநாட்டுப் பயிற்சியாளர். நம் கம்பெனி மூடிய வருடத்தைக்கூட சரியாகப் போட்டிருக்கிறார்கள். நான்தான் இல்லை.

பதினான்காம் பக்கத்தைப் பார். முதல் ஃபைனல், நர்சுகள் அணியோடு. ஒரு கோல் முன்னிலை, கடைசி அரை நிமிடம், அவர்களுக்கு பெனால்டி. பந்தை முகத்தால் தடுத்து, இரண்டு முன்பல்லைப் பறிகொடுத்துக் கோப்பையைக் காப்பாற்றிய வீராங்கனை என்று என் அண்ணியின் பெயர்! அவள் அந்தப் பந்தைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. அவள் வாயில் இன்றைக்கும் எல்லாப் பல்லும் ஜோராக இருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஞாபகம் இல்லை என்கிறாயாமே, அதனால் சொல்கிறேன். மேட்ச் அன்று வார லீவு விழுகிறவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்று மேனேஜர் சட்டம் போட்டிருந்தார். உனக்கு மட்டும் சலுகை. எங்களுக்கு மேட்ச் நாளில் ஒருதரமாவது லீவு விழுந்ததா? பேக்கிங்கில் யாருக்கு லீவோ அவள் பெயரைப் பட்டியலில் எழுது, அவள் போய் ஆடுகிறவள் மேசையில் நிற்கட்டும், ஆடுகிறவளின் வருகைக் கார்டையே அடிக்கட்டும் என்று யோசனை சொன்னது யார்? நீதான். அந்தப் பட்டியலும் உன் கையெழுத்துதான். நான் அண்ணி பெயரில் கோலில் நின்றேன். அன்று லீவில் இருந்த அண்ணி என் கார்டை அடித்துவிட்டு எட்டு மணி நேரம் பிஸ்கட் அடுக்கினாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் கால் கடுத்திருக்கும்.

என் மகள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாக, "அம்மா, நெஜமாவே நீ ஆடினியா, இல்ல பாக்கப் போனியா?" என்று கேட்டாள். முன்பல் இல்லாத இடத்தைக் காட்டினேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னுதானே அப்ப எல்லார்கிட்டயும் சொன்ன?" என்றாள். ஆமாம், சொன்னேன். வேலை போய்விடுமே என்று என் அம்மாவிடம்கூட அப்படித்தான் சொன்னேன். இப்போது யாரிடம் போய் மாற்றிச் சொல்வது?

மகள் அண்ணியிடமும் கேட்டாள். அண்ணி சிரித்து மழுப்பிவிட்டாள். சங்கத்தின் நாற்பதாம் ஆண்டு விழா மேடையில் அவளுக்குப் பொன்னாடையாம், புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகுகிறாள். நான் முறைத்ததற்கு, "இப்ப என்ன கெட்டுப்போச்சு? நம்ம வீட்டுக்குள்ளதானே வருது" என்கிறாள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த பெனால்டியை நடித்தே காட்டுகிறாள். இடது பக்கம் விழுகிறாள், கழுதை. நான் விழுந்தது வலது பக்கம்.

பொறுக்க முடியாமல் சங்க அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் என் மகள் வயதுக்காரர், மரியாதையானவர், உட்கார வைத்து டீ கொடுத்தார். உனக்கு எழுதிக் கேட்டார். உன் பதில் வந்ததும் என்னைக் கூப்பிட்டு அதை என்னிடமே காட்டினார். நாற்பது வருடம் ஆகிவிட்டது, யார் யார் ஆடினார்கள் என்று ஞாபகம் இல்லை, பட்டியலில் உள்ளதே சரியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். என் வாயில் துணியைத் திணித்து, ரத்தம் நிற்கும் வரை என் தலையை மடியில் வைத்திருந்தவள் எழுதிய வரி.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. செயலாளரே சொன்னார்: "பேர் மாத்தி ஆடினது உண்மைன்னா, விதிப்படி அந்தப் பட்டமே செல்லாதும்மா. கோப்பை நர்சுங்களுக்குப் போயிடும். உங்களுக்கும் இல்ல, கேப்டனுக்கும் இல்ல." முதல் சாம்பியனின் கேப்டன் என்றுதானே உனக்கு விமான டிக்கெட், விழாவைத் தொடங்கி வைக்கும் கௌரவம் எல்லாம். அதையெல்லாம் தூக்கிப் போடு என்று நான் கேட்க முடியுமா? கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால் நம் எல்லார் கோப்பையும் போய்விடும். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், உன்னைத் திட்டினேன், பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

விழாவுக்கு நான் வரவில்லை. அண்ணி வருவாள், அவளுக்கு மேடை கூச்சம், கையைப் பிடித்து அழைத்துப் போ. புத்தகத்தைத் திருத்தவும் வேண்டாம், என் மகளிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு கடிதம் எழுது. 'தெரியும், சொல்ல மாட்டேன்' என்று எழுது, போதும். அதை நான் தாங்கிக்கொள்வேன். மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதேடி.

நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும். மனசாரத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் கோலில் நின்றவள்